இனித்தால் வெளியே

புதிய எவர்சில்வர் தட்டின் நட்டநடுவில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். உரித்தால் பாதி கையோடு வரும், பாதி தட்டோடு தங்கும். தங்கிய பாதியை நகத்தால் சுரண்டி, எண்ணெய் தடவி ஊறவைத்து, நார் போட்டுத் தேய்த்து, கடைசியில் அலுத்துப்போய் அதன் மேலேயே சோற்றைப் போட்டுத் தின்பவர்கள்தான் அதிகம். பாத்திரக் கடையில் வேலைக்கு நின்ற ஒரு பெண், அந்தச் சீட்டின் மேல் இரண்டு முறை ஹா என்று ஊதுவாள். ஓரத்தை விரல்நுனியால் கிளப்பி, மேலே தூக்காமல் தட்டோடு தட்டாகப் படுக்கவைத்து இழுப்பாள். சீட்டு முழுசாக வந்துவிடும். அடியில் ஒன்றும் இருக்காது.

பாத்திரம் வாங்க வந்த படகுப் பட்டறை மேஸ்திரி அதை நின்று பார்த்தார்.

“படகுல ஒட்டினதை எடுப்பியாம்மா?”

“படகுல என்னத்தை சார் ஒட்டுவாங்க?”

“என்னத்தை ஒட்ட மாட்டாங்கன்னு கேளு.”

அது நடந்து இருபத்திரண்டு வருஷம். அந்தப் பெண் பட்டறையில் பசையக்கா ஆனாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. “நம்ம பட்டறையிலேயே பசையுள்ள ஆளு இவங்க ஒருத்தர்தான்” என்று வெல்டர் வாரம் ஒரு தடவையாவது சொல்வான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

படகில் பெயர் ஒட்டுவார்கள், எண் ஒட்டுவார்கள், வண்ணப்பட்டை ஒட்டுவார்கள். கால் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு விரிப்பு. உள்ளே கம்பளம், சுவருக்குப் பஞ்சு. ஆள் மாறினால் பெயர் மாறும். வெயிலில் வெந்து, உப்பில் ஊறி, பத்து வருஷம் ஆன பசை சீட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தங்கிவிடும். விரல் வைத்தால் ஒட்டும். தூசி படிந்து கறுத்திருக்கும். அவசரப்பட்டு இரும்புத் தகட்டால் சுரண்டினால் பைபர் உடம்பின் மேல்தோல் கீறும். கீறின படகு கீறின படகுதான். முதலில் சூட்டுக் காற்று ஊதும் இயந்திரம். பிறகு மரத் தகடு. பிறகு எண்ணெய். அதற்கும் மசியாவிட்டால் மண்ணெண்ணெய், அதற்கும் மசியாவிட்டால் தின்னர், எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரே ஒரு துடைப்பு, அசிட்டோன். இரண்டாவது துடைப்பில் மேல்தோலின் மினுமினுப்பு போய்விடும். அந்த இயந்திரம் அணைந்து, படகு ஆறின பிறகுதான் தின்னர் மூடியைத் திறக்க வேண்டும். இதை மறந்த ஒருவனுக்குப் புருவம் இன்றுவரை முளைக்கவில்லை.

நான்கு திரவத்துக்கும் நான்கு தகர டப்பா. ஒரே உயரம், ஒரே மூடி. எதிலும் எழுத்து இல்லை. ஒட்டினதைக் கரைக்கிற தண்ணீர் இருக்கும் டப்பாவில் எதை ஒட்டினாலும் நிற்காது. பேனாவால் எழுதினால் வழிந்து அழியும். புதிதாக வந்தவர்கள் எது எது என்று கேட்டால், மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அவ்வளவுதான் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. மூடிய அறைக்குள் தின்னரோடு வேலை செய்யும்போது வாசனை முதலில் காரமாக இருக்கும். கண் கரிக்கும், தொண்டை அரிக்கும். அதுவரை பயமில்லை. போகப் போக அந்தக் காரம் தணிந்து பழம் மாதிரி இனிக்கும். நன்றாக இருக்கும். அப்போது கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். “காரம்னா வேலை, இனிச்சா வெளியே” என்பார்கள். ஆணியில் ஒரு முகமூடி தொங்குகிறது. அதன் வடிகட்டி செத்து இரண்டு வருஷம். அதைப் போட்டுக்கொண்டால் மூச்சுதான் முட்டும். நம்பினது மூக்கைத்தான்.

அந்த மூக்கு மூன்று மாதம் முன்பு போய்விட்டது.

நாலு நாள் ஜுரம். ஐந்தாம் நாள் எழுந்து குளிக்கப் போனவள், சோப்பை முகர்ந்து, சோப்பு மாறிவிட்டது என்று நினைத்தாள். துண்டு, எண்ணெய், புருஷனின் சட்டை. அவர் பேருந்து ஓட்டுகிறவர். அவர் சட்டையில் டீசலும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும், கல்யாணமான நாளிலிருந்து. சட்டையை முகத்தில் அழுத்தி இழுத்தாள். துணி மட்டும்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய் ஒரு வெங்காயத்தை நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

யாருக்கும் சொல்லாமல் மருத்துவரிடம் போனாள்.

“வரலாம். சிலருக்கு ஒரு வருஷம் ஆகும்” என்றார் அவர்.

“வராமப் போனா சார்?”

“சிலருக்கு வராது. உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“பாத்திரக் கடை” என்றாள்.

அன்றிலிருந்து பயம் அவளோடு படுத்து அவளோடு எழுந்தது. பேச்சைக் கேட்கவே பயமாக இருந்தது. “அவளுக்கு மூக்குல வேர்த்துடும்.” “நீ எதுக்கு மூக்கை நுழைக்கிறே?” “மூக்கறுந்து போச்சு.” இத்தனை மூக்கு பேச்சில் கிடக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. எல்லாம் தன்னைப் பார்த்துச் சொல்வது போலிருந்தது. வீட்டில் பால் தீய்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டித்தான் தெரியும். “யோசனையில இருந்துட்டேன்” என்றாள். பிறகு, வாசனை பற்றி யார் எது கேட்டாலும் “ம்” என்று சொல்லிவிடப் பழகினாள். மல்லிகை நல்லாருக்குல்ல? ம். சாக்கடை நாறுதே? ம். தலைக்கு எதுவோ புதுசா தேச்சிருக்கேன், தெரியுதா? ம். அந்த ஒரே எழுத்தில் மூன்று மாதம் ஓடியது.

பட்டறையில் டப்பாக்களைப் பிரித்தறிய வேறு வழி கண்டுபிடித்தாள். மூடியைத் திறந்து முகர்வது போலக் குனிந்து, இடது புறங்கையில் ஒரு சொட்டு விடுவாள். அசிட்டோன் விட்ட கணமே பனிக்கட்டி, தோல் வெளுக்கும், பத்து எண்ணுவதற்குள் காய்ந்துவிடும். தின்னரும் சில்லென்றுதான் இருக்கும், ஆனால் நின்று போகும். மண்ணெண்ணெய் போகவே போகாது. எண்ணெய் எண்ணெய்தான். தப்பே வரவில்லை. புறங்கை மட்டும் வெடித்து, பாம்புச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. வெளிவேலையாகக் கேட்டு வாங்கினாள். திறந்தவெளியில் காற்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மேஸ்திரியின் மேசைவரை போனாள். இரண்டு தடவையும் பட்டறையின் பழைய பெயிண்டர் நினைவுக்கு வந்தார். அவருக்குக் கண்ணில் திரை விழுந்ததும், “கண்ணு தெரியாதவன் கையில பிரஷ் எதுக்குப்பா” என்று மேஸ்திரி அன்பாகத்தான் சொன்னார். அன்பாகவே வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அதோடு, சின்னவள் இருந்தாள்.

சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பாக இருக்க முடியாமல் ஒரே அடுப்பாக இருந்தார்கள். உப்புக்கும் சண்டை, உலைக்கும் சண்டை. ஒரு வருஷம் முன்பு பசையக்காதான் அவளைப் பட்டறைக்குக் கூட்டிவந்தாள். வந்த பிறகு இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. “வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் பிறாண்டறோம், இங்க வந்து சேந்து சுரண்டறோம்” என்பாள் சின்னவள். வாய் ஓயாது. எதற்கும் சிரிப்பு. பெரியவளின் மூக்கைப் பற்றி ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள். “எங்கக்கா மூக்கு இருக்கே, டப்பா மூடியிருக்கறப்பவே உள்ள என்னன்னு சொல்லும். அது இருக்கறவரைக்கும் எனக்கென்ன பயம்?”

மேஸ்திரியும் அதையேதான் சொல்வார். “பசையக்கா மூக்கை நம்பித்தான் ரெண்டு பொம்பளைங்களை உள்ள விடறேன்.”

அந்த வாரம் ஒரு பெரிய பயணப் படகு கரையேறியது. படகின் முன்நுனியைப் பட்டறையில் மூக்கு என்பார்கள். அதற்குள் இருக்கும் சின்ன அறை மூக்கறை. அதன் சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருந்த பஞ்சு மட்கி உதிர்ந்துவிட்டது. பசை உதிரவில்லை. பழுப்பாக, கட்டிகட்டியாக, வெல்லப்பாகு வழிந்து இறுகியது போல.

“மூக்கறைக்கு நீங்க ரெண்டு பேரும்” என்றார் மேஸ்திரி.

“வெளியில பட்டை வேலை பாதியில நிக்குது சார்.”

“நிக்கட்டும். என்ன பசையக்கா, மூணு மாசமா உள்வேலைன்னாலே நழுவறீங்க?”

“வயசாகுது சார். முட்டி மடங்க மாட்டேங்குது.”

“முட்டி மடங்கலைன்னா நாம வேற ஆளைப் பாக்கணும்” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான்.

“மடங்கும் சார்” என்றாள்.

முதல் இரண்டு நாள் உலர்ந்த கட்டிகளை மரத் தகட்டால் பெயர்த்தார்கள். திரவம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை தின்னர் டப்பா உள்ளே போனது. மூக்கறையின் ஒரே வாசல் தலைக்கு மேலே, ஓர் ஆள் நுழைகிற சதுரம். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம், நிற்க முடியாது. பேட்டரி விளக்கு. வெளியே தரையில் காற்றாடி. அதிலிருந்து ஒரு பெரிய துணிக்குழாய் படகின் மேலேறிச் சதுரத்தின் வழியே உள்ளே இறங்கி ஒரு மூலையில் கிடந்தது. காற்றாடியின் சத்தம் படகின் உடம்பெல்லாம் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். சத்தம் இருக்கும்வரை காற்று உண்டு. சத்தம் நின்றால் வெளியேற வேண்டும். இதோடு, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, அறுநூறு வந்ததும் வெளியே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று வைத்துக்கொண்டாள்.

முதல் அறுநூறு முடிந்ததும் “வாடி, தண்ணி குடிக்கலாம்” என்றாள்.

“இப்பத்தானே வந்தோம்?”

“வாயேன்.”

இரண்டாவது அறுநூறு. மூன்றாவது அறுநூறு. சின்னவள் படகின் வெளி ஏணியில் ஏறிக்கொண்டே, “அக்கா, உனக்குத் தாகமா, பயமா?” என்றாள்.

“தாகம்தான்.”

“இல்ல, குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளயும் வெளியேயும் அலையறியேன்னு கேட்டேன்.”

நான்காவது தடவை கூரையில் வேலை. துணியைத் தின்னரில் நனைத்துப் பசை மேல் அப்பி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பசை பொங்கி இளகும். பிறகு தாளை எடுத்துத் தகட்டால் வழிக்க வேண்டும். வழித்தது சொட்டும். தலையில் துணி கட்டியிருந்தார்கள். பசையக்கா எண்ணினாள். நூறு. நூற்றைம்பது. காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பத்து வரும்போது ஒரு பெரிய கட்டி முழுசாக, அந்தக் காலத்துச் சீட்டு மாதிரி, அடியில் ஒன்றும் இல்லாமல் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு எண்ணினோம் என்று மறந்துபோனது. இருநூறு என்று வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இருநூறு என்றாள்.

சின்னவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் செருப்பைத் தேடி வீடெல்லாம் சுற்றின கதை. செருப்பு காலில்தான் இருந்தது. பழைய கதை. சின்னவள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள்.

“அக்கா.”

“ம்.”

“இனிக்குது இல்ல?”

“ம்.”

“அப்ப சரி” என்று சின்னவள் தகட்டை மறுபடி கூரையில் வைத்தாள்.

பசையக்காவும் துணியை நனைத்தாள். பிழிந்தாள். கூரையில் அப்பினாள். தாளைப் போர்த்தினாள். தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், தான் சொன்ன “ம்” அவள் காதில் விழுந்தது.

கையை எடுத்தாள். தாள் கழன்று முகத்தில் விழுந்தது.

“என்னடி கேட்டே?”

“என்ன கேட்டேன்?” சின்னவள் யோசித்தாள். யோசித்தது அவளுக்கே சிரிப்பாக வந்தது. “செருப்பு.”

“வெளியே போ.”

“இன்னும் ஒரு சாண்தான்க்கா. இந்த மூலை.”

“போடி வெளியே!”

காற்றாடி இரைந்துகொண்டுதான் இருந்தது. அவள் துணிக்குழாயின் வாயில் கையை வைத்தாள். காற்று இல்லை. குழாய் வற்றிப்போய்த் தோல் மாதிரிக் கிடந்தது. எவ்வளவு நேரமாக? அவளுக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சினாள். ஒன்றும் இல்லை, சோப்பில் இல்லாத மாதிரி, சட்டையில் இல்லாத மாதிரி. எழுந்தபோது தலை சதுரத்தின் விளிம்பில் இடித்தது. வலி எங்கோ தள்ளி இருந்தது. சின்னவள் மூலையில் சாய்ந்து, தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கப்போகிற பிள்ளை மாதிரிக் கண்ணைச் சொருகினாள்.

பசையக்கா கத்தினாள். அவள் கத்துவது அவளுக்கே பக்கத்து அறையில் யாரோ கத்துவது போலிருந்தது. சின்னவளின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். வழித்த பசையில் கை ஒட்டியது, வழுக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. பிசுபிசுத்த கையோடு ஒரு காலையும் இடுப்புத் துணியையும் பற்றிச் சதுரத்துக்குக் கீழே கொண்டுவந்தாள். தலையால் முட்டி மேலே தூக்கினாள். முட்டி மடங்கியது, நிமிர்ந்தது. மேலே வெல்டரின் முகம் தெரிந்தது. இரண்டு கைகள் இறங்கின. சின்னவள் மேலே போனாள். அவளுடைய ஒரு செருப்பு மட்டும் கீழே விழுந்தது.

பிறகு வெயில். படகின் மேல்தளத்தில் குப்புறக் கிடந்தாள். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். கீழே, சக்கரவண்டியின் ஒரு சக்கரம் துணிக்குழாயின் மேல் ஏறி நின்றிருந்தது. மரப்பலகை ஏற்றி வந்த யாரோ நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்கள்.

மேஸ்திரி ஓடிவந்தார். வண்டிக்காரனைத் திட்டினார். காற்றாடியைத் திட்டினார். பிறகு நின்று, மேலே பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“பசையக்கா. உங்க மூக்கு எங்க போச்சு?”

வழக்கமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ‘வேலை மும்முரம் சார்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் கம்பியை விடாமல் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிடுச்சு சார்” என்றாள். “மூணு மாசம் ஆச்சு. எனக்கு எந்த வாசனையும் தெரியாது.”

காற்றாடியை யாரோ அணைத்தார்கள்.

சின்னவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அந்த முகத்தில் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

“இனிக்குதான்னு கேட்டேனே.”

“கேட்டே.”

“ம்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“நீ ம்னு சொல்லிட்டு வேலையைப் பாத்தே. அக்காவே பாக்கறாங்க, அப்ப ஒண்ணுமில்லன்னு நானும் பாத்தேன். தெரிஞ்சே என்னை உள்ள கூட்டிட்டுப் போனியாக்கா? வீட்டுல அடிச்சுக்கிட்டமே, அப்பல்லாம்கூட நீ எனக்குக் கெடுதல் நினைச்சதில்லையே.”

பசையக்கா தன் கையைப் பார்த்தாள். சின்னவளின் கால்கொலுசின் ஒரு மணி உள்ளங்கைப் பசையில் ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு அடுப்பு ஆனது.

மறுநாள் மேஸ்திரி மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் தாடையைத் தடவினார். மூக்கறையில் பாதி பசை பாக்கி. வேறு கை கிடையாது. பசையக்கா வாசலருகே, அன்பாக வெளியே கொண்டுபோய் விடப்படுவதற்குத் தயாராக, பையோடு நின்றாள்.

சின்னவள் வந்தாள். பெரியவளைப் பார்க்கவில்லை. கையில் ஆணியும் கல்லும். நான்கு டப்பாவையும் வரிசையாக வைத்து, மூடிகளைத் திறந்து முகர்ந்து, ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு என்று ஆணியால் தகரத்தில் வெட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக யாருக்கும் தோன்றாதது. பிறகு மேஸ்திரியிடம் சொன்னாள்.

“முடிச்சுக் கொடுக்கறோம் சார். குழாய் பக்கத்துல ஒரு ஆளை நிறுத்துங்க. கை அவங்களுது. மூக்கு என்னுது. அவங்க ம்னு சொன்னா மட்டும் யாரும் நம்பாதீங்க.”

“பாதுகாப்பா இருக்குமா?” என்றார் மேஸ்திரி.

“எனக்கு உயிர் வேணும் சார். பாத்துக்கறேன்.”

இறங்கினார்கள். சின்னவள் வாசலுக்குக் கீழே உட்கார்ந்தாள். பெரியவள் மூலையில். துணியை நனைத்தாள், கூரையில் அப்பினாள். கதை இல்லை, செருப்பு இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு சொல் வந்தது.

“காரம்.”

தாளைப் போர்த்தினாள். வழித்தாள்.

“காரம்.”

பதினோரு நாள். வீட்டிலும் பேச்சில்லை, வழியிலும் பேச்சில்லை. அந்த ஒரு சொல் மட்டும். இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் பசையக்கா வாழ்ந்தாள். அந்த இடத்தில் தகடு உரசுவது கேட்டது. சின்னவளின் மூச்சு கேட்டது. அது கனத்தால் இவளுடைய மூச்சு நின்றது. பயம் குறைந்ததா என்றால் இல்லை. முன்பு கண்டுபிடித்துவிடுவார்களோ என்று இருந்தது, இப்போது வெறும் பயமாக, ஒளித்துவைக்க வேண்டாத பயமாக இருந்தது.

பதினோராம் நாள், கடைசி மூலை. ஒரு சாண். தாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஐம்பது எண்ணினாள். வரவில்லை. துணிக்குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். கணுக்கால் கிடைத்தது. இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“காலை விடுக்கா” என்றாள் சின்னவள். “தும்மல் வந்துச்சு, அடக்கிட்டிருந்தேன்.”

அவள் விடவில்லை.

“காரம்தான். விடு.”

விடாமலே, மற்றொரு கையால் தாளை எடுத்தாள். பசை பொங்கியிருந்தது.